பிரசவ அறையில் ஒரு துணை

பிரசவ அறைக்குள் உறவினர் ஒருவரை அனுமதித்தால் நெரிசலும் நோய்த்தொற்றும் கூடும் என்று கட்டுரையாளர் ஒருவர் எழுதியிருப்பதை, இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. என் முதல் பிரசவம் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. இரவு வலி எடுத்து உள்ளே சென்ற என்னை விடியும்வரை மல்லாந்தே படுத்திருக்கச் சொன்னார்கள். அம்மா கதவுக்கு வெளியே காத்திருக்க, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று செவிலியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களே தவிர, என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. எதற்காகத் தையல் போட்டார்கள் என்பதைக்கூட மறுநாள் நானாகக் கேட்டுத்தான் அறிந்தேன்.

இரண்டாவது முறை அரசு மருத்துவமனைக்குச் சென்றேன் (செலவுக்கு அஞ்சித்தான், கொள்கைக்காக அல்ல). அங்கே கை கழுவி, மேலங்கி அணிந்தபின் அக்காவை உள்ளே விட்டார்கள். அவர் இடுப்பை நீவிவிட்டு, தோள் கொடுத்து நடக்கவைத்து, மருத்துவர் சொன்னதை எனக்குப் புரியும்படி மீண்டும் சொன்னார். வலி குறையவில்லை, பயம் குறைந்தது. பெண் விரும்பும் துணை ஒருவர் பிரசவத்தின்போது உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. நெரிசல்தான் கவலை என்றால், கட்டில்களுக்கிடையே திரை கட்டி, ஒருவருக்கு ஒரு துணை என்று வரையறுத்தாலே போதும்.