203 ரூபா டொலர்

நேற்று கொழும்பு வெள்ளவத்தையில் பலசரக்குக் கடையில் ஒரு ஐயா முதலாளியோடு வாதம் பண்ணிக்கொண்டிருந்தார். "டொலர் 200 ரூபாவுக்கு இருந்ததுதானே. அரசாங்கம் ஒரு கையெழுத்துப் போட்டால் பழையபடி இறக்கலாம்."

கையெழுத்துப் போட்டும் பார்த்தாயிற்று ஐயா. 2021 செப்டெம்பர் தொடங்கி 2022 மார்ச் வரை, ஒரு டொலர் 203 ரூபா என்ற விலையை இலங்கை மத்திய வங்கி விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் டோஹாவில் இருக்கும் என் மச்சான் காசு அனுப்பினால், வங்கியில் 203, ஊக்கத்தொகை 10. வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு கை மாறும் உண்டியலில் 240க்கு மேல். யார் வங்கிக்குப் போவார்? ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், சொப்பிங் பேக்கில் சுற்றிய கட்டை நீட்டினார். அம்மா எண்ணி முடிக்கும் முன்னே அடுத்த வீட்டு பெல்லை அடித்துக்கொண்டிருந்தார். ரூபா எங்கள் கைக்கு வந்தது. டொலர் நாட்டுக்குள்ளேயே வரவில்லை. 2020இல் வங்கிகள் வழியாகச் சுமார் 710 கோடி டொலர் வந்த நாட்டுக்கு, 2021இல் வந்தது 550 கோடிதான்.

பலகையில் 203 என்று எழுதியிருக்கும், போய்க் கேட்டால் டொலர் இல்லை. பருப்பும் பால்மாவும் துறைமுகத்தில் கொள்கலன்களுக்குள் கிடந்தன. இருந்த கையிருப்பில் 50 கோடி டொலரை எடுத்து 2022 ஜனவரியில் பழைய கடன் ஒன்றைக் கட்டினோம். மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டே மாதத்தில் 360. படிப்படியாக இறங்கியிருக்க வேண்டிய ரூபா மாடியிலிருந்து விழுந்தது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

பழி முழுவதும் 203க்கு இல்லை, சரி. 2019 வரிக் குறைப்பு இருக்கிறது, காசு அச்சடித்தது இருக்கிறது. அச்சடித்த ரூபா கடைசியில் இறக்குமதிக்காக டொலரைத்தான் தேடிப் போகும். ஒரு பக்கம் அச்சடித்துக்கொண்டு மறுபக்கம் 203ஐக் காக்க எந்த ஆளுநராலும் முடியாது. அதனால்தான் அரசாங்கத்துக்கு மத்திய வங்கி காசு அச்சடித்துக் கொடுப்பதைத் தடுத்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நாணயச் சந்தையில் மத்திய வங்கி கை வைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. டொலர் தாராளமாக வரும்போது வாங்கிச் சேர்ப்பதும் தலையீடுதான். அது சேமிப்பு. 2021இல் நடந்தது வீம்பு.

ஐயா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அரைக் கிலோ பருப்புக்குக் காசு கொடுத்துவிட்டு, மகள் மெல்பேர்னிலிருந்து அனுப்பியதை இன்றைக்கே மாற்றலாமா, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று வைத்திருக்கலாமா என்று என்னிடமே கேட்டார்.