அலாஸ்கா போகிறீர்களா? கப்பலை அப்புறம் பார்க்கலாம், முதலில் பனியாற்று நாளைப் பாருங்கள்

அலாஸ்கா க்ரூஸுக்கு எந்தக் கப்பல் நல்லது என்று கேட்பவர்கள்தான் அதிகம். எந்தப் பனியாறு, அங்கே எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்கள் குறைவு. ஏழு இரவுப் பயணத்தில் பனியாற்றுக்கு என்று கிடைப்பது ஒரே ஒரு நாள். சில வழித்தடங்களில் ஒரே ஒரு காலைப்பொழுது, அதுவும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம். சறுக்குமரத்தையும் கோ-கார்ட்டையும் பார்த்துக் கப்பலை எடுத்துவிட்டு, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு அத்தனை தூரம் போய், பனியாற்றை மூடுபனிக்குள் தூரத்து வெள்ளைக் கோடாகப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. சறுக்குமரம் எந்தக் கடலிலும் கிடைக்கும். அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன்: முதலில் பனியாறு, பிறகு புறப்படும் துறைமுகம், பிறகு ஒவ்வோர் ஊரிலும் நிற்கும் நேரம், கடைசியாகக் கப்பல்.

பெரிய கப்பல்கள் போகும் இடங்களில் குடும்பத்துக்கு முதலிடம் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குத்தான். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அந்த அனுமதிகளில் பெரும்பகுதி பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நார்வீஜியனுக்கும் கொஞ்சம் உண்டு. டிஸ்னி, ராயல் கரீபியன், செலிப்ரிட்டி கப்பல்கள் அங்கே போவதில்லை. ஒரே கப்பல் ஒரு வாரம் கிளேசியர் பேவுக்கும் அடுத்த வாரம் வேறு இடத்துக்கும் போகலாம். எனவே கப்பலின் பெயரை மட்டும் நம்பாமல், உங்கள் தேதிக்கு உரிய அட்டவணையில் 'கிளேசியர் பே' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'பனியாற்றுக் காட்சிப் பயணம்' என்று பொதுவாக எழுதியிருந்தால் அது வேறு இடமாகத்தான் இருக்கும்.

அங்கே கரையில் இறங்க முடியாது. கப்பலிலிருந்தே பார்க்க வேண்டியதுதான். ஆனால் கிட்டத்தட்ட முழுப் பகலும் விரிகுடாவுக்குள்ளேயே கழியும். காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறுவார்கள். வாசலிலிருந்து உள்ளே பனியாறுகள் வரைக்கும் சுமார் 65 மைல். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று, இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படி மெல்லத் திரும்பும். அதனால் எந்தப் பக்கத்து கேபின் என்று கவலைப்படத் தேவையில்லை. சுமார் ஒரு மைல் அகலச் சுவர் அது. பக்கத்திலேயே கறுப்பாக, மண்மேடு போல ஒன்று கிடக்கும். அதுவும் பனியாறுதான், கிராண்ட் பசிபிக். மேலே கல்லும் மண்ணும் மூடியிருப்பதால் அப்படித் தெரிகிறது. பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள், பெரியவர்களே கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

மார்ஜரியின் முன்னால் பிள்ளைகளுக்கு ஒன்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பனி உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத்தான் தெரியும், சத்தம் பிறகுதான் வரும். கால் மைல் தள்ளி நின்றாலே ஒரு நொடிக்கு மேல் தாமதம். இடி போலச் சத்தம் கேட்டுத் திரும்பினால் தண்ணீர் தெறித்து அடங்கிக்கொண்டிருக்கும். ஆகவே சுவரில் ஓர் இடத்தைத் தேர்ந்து கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். சின்னச் சின்னப் பனித்துண்டுகள் பொடிப்பொடியாக உதிரும் இடமாக இருந்தால் நல்லது, பெரிய துண்டு பெரும்பாலும் அதை ஒட்டித்தான் பெயரும். அந்தச் சத்தத்தை அந்த மண்ணின் பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்கள் 'வெள்ளை இடி' என்கிறார்கள். கையில் ஃபோனோடு நிற்கும் பிள்ளை இதைத் தவறவிடும். 8 மடங்கு பைனாகுலர் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

ரேஞ்சர்கள் பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் தருவார்கள். பார்த்ததை எழுதி, வரைந்து முடித்தால் உறுதிமொழி எடுக்கச் சொல்லி பேட்ஜ் கொடுப்பார்கள். செலவில்லை. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்தக் கப்பலிலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. 1794-ல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் குழு வந்தபோது இந்த விரிகுடாவின் பெரும்பகுதி பனிக்கு அடியில் கிடந்தது, வாசலுக்கு அருகிலேயே பனிச்சுவர். 1879-ல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 40 மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. கப்பல் போய்க்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்னால், கரையில் புல், புதர், காடு என்று மாறிவரும் வரிசை பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும். அன்றைக்குக் கிட்ஸ் கிளப்புக்கு அனுப்ப வேண்டாம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் செப்டம்பரில்தான் வழி. சீல்கள் குட்டி போட்டு வளர்க்கும் காலம் என்பதால் ஆகஸ்ட் முடியும்வரை அந்தக் கிளைக்குள் க்ரூஸ் கப்பல்களுக்கு அனுமதி இல்லை.

அடுத்து ஹப்பர்ட் பனியாறு. 76 மைல் நீளம், கடலைத் தொடும் முகம் மட்டும் 6 மைல் அகலம். மற்ற பனியாறுகள் சுருங்கும்போது இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-லும் 2002-லும் பக்கத்து ரஸ்ஸல் ஃபியர்டின் (மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கிளை) வாயையே அடைத்து ஏரியாக்கிவிட்டது. பிரமாண்டம் வேண்டும் என்றால் இதுதான். ஆனால் உடைந்த பனி அடர்ந்து மிதக்கும் நாட்களில், அதிலும் மே மாதத்தில், கப்பல் பல மைல் தள்ளியே நின்றுவிடும். போகும் வழியும் திறந்த கடல்.

ட்ரேசி ஆர்ம் என்ற இன்னொரு கடற்கிளை பற்றிப் பழைய பதிவுகளில் நிறையப் புகழ்ச்சி இருக்கும். 2025 ஆகஸ்ட் 10 அதிகாலையில் அங்கே தென் சாயர் பனியாற்றின் அருகே மலை சரிந்து பேரலை எழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் பல நிறுவனங்கள் பக்கத்து எண்டிகாட் ஆர்முக்கு மாறிவிட்டன. அங்கே இருப்பது டாஸ் பனியாறு. பெரும்பாலும் ஜூனோ துறைமுகத்துக்குப் போகும் வழியில் அதிகாலை நிறுத்தமாகவே இது வரும். ஒடுங்கிய, வளைந்த வழி என்பதால் மிகப் பெரிய கப்பல்கள் முகம்வரை போகாது. கப்பலிலிருந்தே சின்னப் படகில் மாற்றி ஏற்றி உள்ளே கூட்டிப்போகும் சுற்றுலாவைத் தனிக்கட்டணத்துக்கு விற்பார்கள். எண்டிகாட் வழித்தடத்தை எடுத்தால் அந்தப் படகுக் கட்டணத்தையும் டிக்கெட் விலையோடு கூட்டி, பிறகு கிளேசியர் பே கப்பலின் விலையோடு ஒப்பிடுங்கள். மலிவு என்று நினைத்தது அநேகமாக மலிவாக இருக்காது.

இனி, எங்கிருந்து ஏறுவது. கனடாவின் வான்கூவர் நகரில் புறப்படும் கப்பல் வான்கூவர் தீவுக்கும் கரைக்கும் நடுவே, மறைவான நீரில் போகும். சியாட்டில் கப்பல்களில் பெரும்பாலானவை அந்தத் தீவுக்கு வெளியே திறந்த பசிபிக்கில் போகும். காரில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் இந்த ஒன்றே முடிவு செய்துவிடும். அப்படியும் சியாட்டில்தான் என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேபின் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

சியாட்டிலில் ஏறினால் கனடா விசா வேண்டாம் என்று நம்பி ஏமாறுபவர்கள் நம்மவர்களில் நிறைய. வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, வெளிநாட்டைத் தொடாமல் அமெரிக்காவிலேயே இறக்க முடியாது. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதற்காகத்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி நாள் மாலை விக்டோரியாவில் நாலைந்து மணி நேரம் நிற்கின்றன. விக்டோரியா கனடா. அமெரிக்கப் பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவின் இந்தியப் பாஸ்போர்ட்டில் கனடா விசாவும் இருக்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கவே மாட்டோம் என்று சொல்லிப் பயனில்லை, ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகைதானா என்றும் பாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. கார்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் போதும். பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா ஸ்டாம்பிங் காலாவதியான எச்-1பி வேலை விசாக் குடும்பங்கள் வக்கீலிடம் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். கைரேகை கொடுத்து விசா வர வாரக்கணக்கில் ஆகலாம், கப்பலின் முழுத்தொகையோ வழக்கமாகப் புறப்பாட்டுக்கு மூன்று மாதம் முன்பே கேட்கப்படும். ஆகவே விசா வேலையை முதலில் தொடங்குங்கள்.

வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் அல்லது சூவர்ட் துறைமுகம் வரை ஒருவழியாகப் போகும் பயணங்களும் உண்டு. இரண்டு பனியாற்று இடங்கள் கிடைக்கும், டெனாலி தேசியப் பூங்காவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்க வேண்டும். இறங்கியபின் ஆங்கரேஜுக்கு ரயிலோ பஸ்ஸோ, பிறகு விமானம். கைக்குழந்தையோடும் முழங்கால் வலி உள்ள பாட்டியோடும் அது வேண்டாம்.

துறைமுகங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு ஊருக்கு 12 மைல் வெளியே. பஸ்ஸில் போய், நக்கெட் அருவிவரை போகவர சுமார் 2 மைல் நடந்து திரும்பினால் மூன்றரை மணி நேரம் போய்விடும். அதே நாளில் ஆக் பே துறையிலிருந்து திமிங்கிலம் பார்க்கவும் போக வேண்டும் என்றால் எட்டு மணி நேரமாவது கப்பல் நிற்க வேண்டும். ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயில் எல்லா வயதினருக்கும் சரி: 2,865 அடி உயரம் வரை ஏறி இறங்கும், உட்கார்ந்தே பார்க்கலாம். ஹெலிகாப்டரில் பனியாற்றில் இறங்குவது ஆளுக்கு நூற்றுக்கணக்கான டாலர், மேகம் இறங்கினால் ரத்து. அதை நம்பி மொத்த நாளையும் வைக்காதீர்கள்.

கப்பல் நிறுவனம் என்பது கடைசியில் பிள்ளையின் வயதைப் பொறுத்தது. கிட்ஸ் கிளப்புகள் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்துதான், அதுவும் டயப்பர் இல்லாமல். மூன்றுக்குக் கீழே குழந்தை இருந்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் டிஸ்னியும் ராயல் கரீபியனும் ஆறு மாதத்திலிருந்து நர்சரி வைத்திருக்கின்றன. அந்த ஒரு நிலையில் கிளேசியர் பேவை விட்டுக்கொடுப்பது நியாயம். நான்கிலிருந்து பன்னிரண்டு வரை என்றால் பிரின்சஸ் போதும். ஹாலண்ட் அமெரிக்காவில் பெரியவர்கள் கூட்டம் அதிகம், பிள்ளைகள் குறைவு. தாத்தா பாட்டிக்கு அந்த அமைதி பிடிக்கும். பனியாற்று நாளில் ஹாலண்ட் அமெரிக்கா கப்பலில் முன்தளத்தைத் திறந்து பட்டாணி சூப் கொடுப்பார்கள். டச்சு முறையில் அதில் இறைச்சி சேரும், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். பதின்வயதுப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள் என்று பயந்தால் கிளேசியர் பே போகும் நார்வீஜியன் தேதியைத் தேடுங்கள்.

நான்கு பேருக்கு ஒரே கேபின் என்றால் சீக்கிரம் புக் செய்ய வேண்டும். ஒவ்வோர் உயிர்காப்புப் படகுப் பகுதிக்கும் ஆள் கணக்கு உண்டு. அது நிரம்பிவிட்டால் கேபின் காலியாக இருந்தும் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். மூன்றாம், நான்காம் ஆளுக்கு டிக்கெட் குறைவு, ஆனால் துறைமுக வரி முழுசாக உண்டு. டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர், பெரும்பாலும் பிள்ளைக்கும் சேர்த்து. இதையெல்லாம் கூட்டாமல் விளம்பர விலையை நம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. முதல் இரவே மெயின் டைனிங் அறையின் தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் அடுத்த நாளிலிருந்து பருப்பு, காய்கறி, சாதம் என்று இந்திய சைவம் செய்து கொடுப்பார்கள். ரைஸ் குக்கர், கெட்டில் கொண்டுபோனால் வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் செய்த புளியோதரைக்கும் அனுமதி இல்லை. கடையில் சீல் செய்து விற்கும் முறுக்கு, தட்டை போகலாம். பெரியவர்களின் மருத்துவ இன்ஷூரன்ஸில் கப்பலும் கனடாவும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

மாதம்: மே மாதம் மழையும் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு ஜூன் நல்லது. ஆகஸ்டில் சால்மன் மீனும் கரடியும் உண்டு, மழையும் உண்டு. பனியாற்றின் முன்னால் ஜூலையிலும் காற்று எலும்பைத் தொடும். உள்ளே வெதுவெதுப்பான ஒன்று, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட். காதை மூடும் குல்லா, கையுறை. குடை அந்தக் காற்றில் நிற்காது. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. பிள்ளையின் கையுறை ஒரு ஜோடி கூடுதலாக உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும், ரெயிலிங்கில் உள்ள ஈரத்தைத் தொட்டுத் தொட்டு முதல் ஜோடி அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.