கலைந்து போகச் சொன்னவர் கோழையா?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து உள்பெட்டியில் ஆளாளுக்கு "அண்ணனிடம் ஏன் அப்படிப் பேசினீர்கள்" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய லெக்சிங்டன் மோதலையும், அங்கே பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு எதிரே நின்ற ஊர்ப்படையின் தலைவர் கேப்டன் ஜான் பார்க்கரையும் பற்றி அண்ணன் போட்ட காணொலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கீழே நான் போட்ட கருத்தையும் பார்த்திருப்பீர்கள். "கேப்டன் பார்க்கர் தன் ஆட்களைக் கலைந்து போகச் சொன்னார்" என்று ஒரே ஒரு வரி. அதற்கு வந்த பதில்: "அப்படியானால் அவர் கோழை என்கிறீர்களா?" அதன் கீழே சிரிப்பு எமோஜி வரிசை கட்டி நிற்கிறது.

நான் கோழை என்று சொல்லவே இல்லை. கலைந்து போகச் சொன்னார் என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்தது நீங்கள்.

சரி, ஆதாரம் கேட்டீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் லெக்சிங்டன் ஊர் மைதானத்தில் சுடப்பட்டது 1775 ஏப்ரல் 19 விடியற்காலை. ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, ஜான் பார்க்கர் சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். சின்ன வாக்குமூலம்தான், ஒரு பத்திகூட முழுசாக வராது. அதில் என்ன சொல்கிறார்? என்ன செய்வது என்று கலந்து பேசத்தான் ஊர்ப்படையை மைதானத்துக்கு வரச் சொன்னேன் என்கிறார். பட்டாளத்தான் வந்தால் அவன் கண்ணில் படாமல் இருப்பது, அவனாக வம்புக்கு வராதவரை நாமாகப் போய் மோதுவதில்லை என்று முடிவு செய்தோம் என்கிறார். திடீரென்று அவர்கள் நெருங்கியதும் உடனே கலைந்து போகவும் சுடாமல் இருக்கவும் உத்தரவிட்டேன் என்கிறார். அவர் வாயால் சொன்னது. நான் இட்டுக்கட்டியதல்ல.

அண்ணன் காணொலியில் கை உயர்த்தி முழங்கிய "நிலைத்து நில்லுங்கள், போர்தான் வேண்டுமென்றால் அது இங்கேயே தொடங்கட்டும்" என்ற வசனம் மைதானத்துப் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது? அதைப் பிரபலமாக்கியதில் பெரும்பங்கு பார்க்கரின் பேரன் தியடோருக்கு. அவர் 1858ல் ஒரு கடிதத்தில் அதை எழுதினார். தாத்தா இறந்து 35 வருஷம் கழித்துப் பிறந்த பேரன். குடும்பத்திலும் ஊரிலும் பேசிக்கொண்டதைக் கேட்டு வளர்ந்தவர். தாத்தாவைப் பற்றிப் பேரன் ஒரு பிடி கூட்டித்தான் சொல்வான், அதில் தப்பில்லை. அதை அப்படியே வரலாறு என்று மேடையில் ஏற்றுவதுதான் தப்பு.

"அந்த வாக்குமூலமே பிரச்சாரம்தானே, லண்டனுக்குக் காட்ட எழுதி வாங்கியதுதானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. உண்மைதான், 'முதலில் சுட்டது நாங்கள் இல்லை' என்று நிரூபிக்கத்தான் அந்த வாக்குமூலங்களை அவசர அவசரமாக வாங்கினார்கள். பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் கேஜின் அறிக்கை போய்ச் சேருவதற்கு முன்பே தங்கள் தரப்பு லண்டனை எட்ட வேண்டும் என்று தனிக் கப்பலே விட்டார்கள், எட்டவும் செய்தார்கள். ஆனால் பட்டாளம் வருகிறது என்று அன்று இரவு குதிரையில் வந்து எச்சரித்த பால் ரெவியர்? விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஹான்காக்கின் ஆவணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்படைக்கு நடுவில்தான் நடந்து போனார். போர் முடிந்து பல வருஷம் கழித்து, யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லாத காலத்தில் அவர் எழுதியதிலும் இதேதான் இருக்கிறது: பட்டாளம் கடந்து போகட்டும், அவர்கள் தொடங்காதவரை நீங்கள் தொந்தரவு செய்யாதீர்கள் என்று தலைவர் சொன்னது தன் காதில் விழுந்ததாக. போதுமா?

இப்போது அந்தத் தலைவர் யார் என்று பார்ப்போம். காணொலியில் அரை மணி நேரத்தில் அதற்கு அரை நிமிஷம்கூட இல்லை.

1729ல் லெக்சிங்டனில் பிறந்தவர். விவசாயி, தச்சு, இயந்திர வேலையும் தெரியும். 1755ல் லிடியா மூரைக் கட்டினார், ஏழு பிள்ளைகள். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த பழைய போருக்குப் போய் வந்தவர் என்று சொல்வார்கள். அந்த ஏப்ரலில் அவருக்கு 45 வயது. நெஞ்சில் காசநோய். மைதானத்திலிருந்து சுமார் இரண்டு மைல் தள்ளி வீடு. நள்ளிரவு தாண்டி ஆள் வந்து எழுப்ப, அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு குளிரில் கிளம்பி வந்து நின்றார். எதிரில் வந்த பட்டாளம் மொத்தம் 700 பேர், அதன் முன்னணிக் கம்பெனிகள் மட்டும் மைதானத்துக்குள் நுழைந்தன. இவர் பக்கம் 77 பேர். அந்த 77 பேர் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. இவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததே அவர்கள்தான். அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ரத்த உறவு, இல்லாவிட்டால் பெண் கொடுத்து எடுத்த உறவு. அந்த இடத்தில் நின்று 'நில்' என்பதா, 'போ' என்பதா என்று உங்கள் சாய்வு நாற்காலியிலிருந்து தீர்ப்புச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று உங்களுக்குப் புரியாது. என் அப்பா கோவைப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தார், சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். ஒரு வேலைநிறுத்தத்தின்போது கேட்டுக்கு வெளியே கூட்டம், போலீஸ் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அப்பா கொடிக்கம்பைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, "போதும், எல்லாரும் வூட்டுக்குப் போங்கப்பா" என்றார். போனார்கள். அன்றைக்கு யாருக்கும் மண்டை உடையவில்லை. மறுவாரம் அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போனதும் அப்பாதான். அதை ஒருத்தரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றிக்கொண்டு வரும்போது, எதிர் வரிசையிலிருந்து ஒருவர் சத்தமாக, "இவர்தானுங்க, போலீஸைக் கண்டதும் கொடியைப் போட்டுட்டு ஓடினவர்" என்றார். பந்தி சிரித்தது. அப்பா தலை தூக்காமல், இலையில் பருப்புத் துளியை விரலால் ஓரம் கட்டிக்கொண்டே, கொஞ்சம் மோர் இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் நான். அந்தச் சிரிப்பும் உங்கள் எமோஜியும் எனக்கு ஒரே சத்தம்தான். "வரலாற்றில் சொந்தக் கதையை நுழைக்காதே" என்பீர்கள். நுழைப்பேன். நீங்கள் மட்டும் உங்கள் மேடை ஆசையை நுழைக்கவில்லையா?

அடுத்தது, "அப்படியானால் நின்று செத்த ஜோனஸ் பார்க்கர் முட்டாளா?" இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஜோனஸ் யாரென்று காணொலி பார்க்கும்வரை தெரியாது, பரவாயில்லை. ஜோனஸ் கேப்டன் பார்க்கரின் சொந்தக்காரர், வயதில் மூத்தவர். ஓட மாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தவர். தொப்பியைக் கழற்றிக் காலடியில் வைத்து அதில் குண்டுகளையும் சக்கிமுக்கிக் கற்களையும் போட்டு வைத்துக்கொண்டு நின்றார். அடிபட்டு விழுந்து, மறுபடி மருந்து கெட்டிக்க முயன்றபோது துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். முட்டாள் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் கேப்டன் அதைக் கண்ணால் பார்த்தார். அன்று காலை மட்டும் எட்டுப் பேர் செத்தார்கள், பத்துப் பேருக்குக் காயம். எதிர்த்தரப்பில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. 77 பேரையும் நிற்க வைத்திருந்தால் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கலைந்து போகச் சொன்னவர் வீட்டுக்குப் போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தாரா? அதுவும் இல்லை. செத்தவர்களை எடுத்த கையோடு, மிச்சம் இருந்தவர்களைத் திரட்டிக்கொண்டு, கான்கார்ட் என்ற அடுத்த ஊருக்குப் போன அதே பட்டாளம் திரும்பி வரும் பாதையில், லிங்கன் என்ற ஊரின் எல்லையோரம் மறைந்து காத்திருந்து மதியம் சுட்டார். காலையில் காயம்பட்டவர்களில் சிலர்கூட கட்டுப் போட்டுக்கொண்டு கூட வந்தார்கள். மைதானத்தில் நெஞ்சைக் காட்டி நிற்பது மட்டும்தான் வீரம் என்றால், பாறைக்குப் பின்னால் நின்ற இந்த மதியத்தை என்ன செய்வீர்கள்? காணொலியில் அந்த மதியமே இல்லை. சிலைக்குப் பொருந்தாது அல்லவா.

அப்புறம் லிடியா. ஐந்தே மாதத்தில், 1775 செப்டம்பர் 17 அன்று, பார்க்கர் காசநோயில் போய்ச் சேர்ந்தார். சுதந்திரப் பிரகடனத்தையே அவர் பார்க்கவில்லை. ஏழு பிள்ளைகள், நிலம், ஊரெல்லாம் போர். இதெல்லாம் அந்த அம்மாள் தலையில். பிறகு மறுமணம் செய்துகொண்டார். "அதையெல்லாம் ஏன் பேசுகிறீர்கள், அது வீட்டு விஷயம்" என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். ஆமாம், வீட்டு விஷயம்தான். எட்டு வீட்டில் அன்று காலை நடந்ததும் வீட்டு விஷயம்தான். கலைந்து போகச் சொன்னதால் எத்தனை வீட்டில் ராத்திரி அடுப்பு எரிந்தது என்பதும் வீட்டு விஷயம்தான். என் அம்மாவைக் கேட்டால் சொல்வாள், யார் எப்போது வீட்டுக்குத் திரும்பினார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

எனக்குப் பிடித்த ஒரு தகவல், காணொலியில் வராதது. அன்று இரவு ஊரை எழுப்பிய மணி தொங்கிய கோபுரத்தை 1797ல் பார்க்கரின் மகன், அவர் பெயரும் ஜான்தான், தன் வீட்டு நிலத்துக்குக் கொண்டுபோய் வண்டிச் சக்கரம் செய்யும் பட்டறையாக வைத்துக்கொண்டார். புனிதம், வரலாற்றுச் சின்னம் என்றெல்லாம் அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை. மரம் நன்றாக இருந்தது, பட்டறைக்கு ஆயிற்று. அந்தப் பட்டறைக்காரரின் மகன்தான் தியடோர்.

அந்தத் தியடோரை வைத்தே என்னை மடக்கப் பார்த்தார் ஒருவர். "பேரனே துப்பாக்கியைப் பெருமையாக மாட்டி வைத்திருந்தாரே?" மாட்டி வைத்திருந்தார். தாத்தாவின் துப்பாக்கி ஒன்று, பிரிட்டிஷ் சிப்பாயிடமிருந்து தாத்தா பறித்தது ஒன்று. இரண்டும் இன்று பாஸ்டனில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பேரன் அவற்றை எதற்காக நினைத்துக்கொண்டார்? 1850ல், தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து ஜனாதிபதி ஃபில்மோருக்குக் கடிதம் எழுதும்போது, தாத்தாவின் துப்பாக்கி என் பக்கத்தில் தொங்குகிறது என்று எழுதினார். அப்படித் தப்பி வந்த எல்லன் கிராஃப்ட் என்ற பெண்ணைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்தவர் அவர். காசநோய் அந்தக் குடும்பத்தில் பலரைக் கொண்டுபோயிற்று, அவரையும் 1860ல்.

அடிமை என்றதும் ஞாபகம் வருகிறது. அன்று மைதானத்தில் காயம்பட்ட பத்துப் பேரில் ஒருவர் பிரின்ஸ் எஸ்டாபுரூக், கறுப்பர். சுதந்திரத்துக்காகக் குண்டு வாங்கிய காலையில் அவர் இன்னொருவரின் உடைமை. 'விடுதலை வீரர்கள்' என்று நான்கு முறை முழங்கினீர்கள் அண்ணா, இவர் பெயருக்கு மூச்சு இல்லையே. நேரம் போதவில்லையா?

"எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பதே உனக்கு வேலை" என்று வந்துவிடாதீர்கள். காணொலியை நீக்கச் சொல்லவில்லை. மைதானத்து முனையில் 1900ல் வைத்த அந்தக் கட்டுமஸ்தான இளைஞன் சிலையைக் காட்டி 'இதோ பார்க்கர்' என்கிற இடத்தை மட்டுமாவது திருத்துங்கள். அவர் முகத்தைக் காட்டும் ஓவியம் ஒன்றுகூடக் கிடையாது. இருமிக்கொண்டிருந்த 45 வயது ஆளுக்கு அந்த உடம்பும் இருந்திருக்காது.

கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது. பார்க்கரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், பதில் சொல்கிறேன். என் அப்பாவைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் அழித்துவிடுவேன், காரணம் கேட்கக் கூடாது.