காசில்லாமல் சென்னை

(பாம்பன், வடகடல் கரை. விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர் சூசை நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் காரல் மீன் கூடை. அவர் தங்கையைக் கட்டிய அருள் வருகிறார். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் என்பதால் இப்போது வேலை இல்லை.)

சூசை: வா மாப்பிள்ளை. தொழில் இல்லாத நேரத்தில் சென்னைக்குப் போனாயாமே. பணத்தை எங்கே புதைத்து வைத்திருந்தாய்?

அருள்: பணம் எதற்கு மச்சான்? சாப்பாடு எங்கள் அக்கா வீட்டில். பார்த்த இடம் ஒன்றிலும் டிக்கெட் கிடையாது.

சூசை: ரயிலிலும் கிடையாதோ?

அருள்: ரயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சென்னைக்கு வெளியே ஆன செலவு.

சூசை: சரி, என்ன பார்த்தாய்?

அருள்: முதல் நாளே அத்தான், "ஒரு அதிசயம் காட்டுகிறேன் வா" என்று கூட்டிக்கொண்டு போனார்.

சூசை: என்ன அதிசயம்?

அருள்: கடல்.

சூசை: (ஊசியைக் கீழே வைத்து) பாம்பன்காரனுக்கா?

அருள்: மெரினா, மச்சான். மணலைக் கடந்து தண்ணீரைத் தொடுவதற்குள் உங்கள் தங்கை இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நம் வடகடல் மாதிரி அலையடங்கிய பெண்கடல் இல்லை அது. அலை முரட்டு அலை. கணுக்காலையாவது நனைப்போம் என்று இறங்கினேன். குதிரை மேல் ஒரு போலீஸ்காரர் வந்து, "அண்ணே, ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள்" என்றார்.

சூசை: மீன்பிடிக்கிறவன் என்று சொல்ல வேண்டியதுதானே?

அருள்: சொன்னேன். "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார். குதிரையும் நம்பவில்லை.

சூசை: பிறகு?

அருள்: அங்கேயே எம்.ஜி.ஆர். நினைவிடம். சமாதியில் காதை வைத்தால் கைக்கடிகார ஓசை கேட்கும் என்பார்களே, படுத்தே கேட்டுவிட்டேன்.

சூசை: கேட்டதா?

அருள்: துல்லியமாக! "கேட்கிறது, கேட்கிறது" என்று நான் போட்ட சத்தத்தில் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. எழுந்த பிறகுதான் உங்கள் தங்கை சொன்னாள், கன்னத்துக்கு அடியில் என் கடிகாரக் கையை வைத்திருந்தேனாம்.

சூசை: வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொன்னாயா?

அருள்: எதற்கு? அவர்களுக்கும் கேட்டதாம்.

சூசை: பஸ்ஸாவது காசு கேட்டதா?

அருள்: உங்கள் தங்கையிடம் கேட்கவில்லை. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் 2021-இலிருந்து பெண்களுக்கு இலவசம் அல்லவா? அது நம் ஊர் டவுன் பஸ்ஸிலும் உண்டுதான். ஆனால் சென்னை பஸ் போய்க்கொண்டே இருக்கிறது மச்சான். திருவான்மியூரில் ஏறியவள் பிராட்வேயில் இறங்க மாட்டேன் என்கிறாள். "இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே, இப்படியே திரும்பிவிடலாம்" என்கிறாள். அவளுடைய இலவசத்துக்குத் துணை போய் எனக்குத்தான் டிக்கெட் கிழிந்தது.

சூசை: எவ்வளவு ஆனது?

அருள்: அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். நடுவில் சாந்தோம் கோயில், தோமையார் கல்லறை. உள்ளே போகக் காசில்லை. உங்கள் தங்கை உண்டியலில் போட்டது மட்டும்...

சூசை: கணக்கில் சேராது. புரிகிறது.

அருள்: ஆனால் கோட்டூர்புரத்தில் ஒரு இடம் இருக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது, ஒன்பது தளம், உள்ளே குளுகுளுவென்று ஏ.சி.!

சூசை: நீ எப்போது படிக்கிறவன் ஆனாய்?

அருள்: மே மாத வெயிலில் எல்லோரும் படிக்கிறவர்கள்தான். சும்மா தூங்கினால் எழுப்பிவிடுவார்களே என்று மீன் படம் போட்ட கனமான புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டேன். புரட்டினால் நம் காரல்! வாயை இழுத்தால் அது எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்களாம். மேல்நோக்கி நீண்டால் ஒன்று, கீழ்நோக்கி நீண்டால் வேறு, நேராக நீண்டு கோரைப்பல்லும் இருந்தால் இன்னொன்று. கூடை கூடையாகக் கொட்டியிருக்கிறோமே, ஒரு காரலின் வாயையாவது இழுத்துப் பார்த்திருக்கிறோமா?

சூசை: (கூடையிலிருந்து ஒரு காரலை எடுத்து, நகத்தால் வாயைப் பிடித்து இழுக்கிறார். வாய் குழல் போல நீளுகிறது.) அட! கீழே வருகிறது.

அருள்: பக்கத்தில் பரீட்சைக்குப் படித்த பையனுக்கு இதைச் சொன்னேன். நாலைந்து பிள்ளைகள் கூடிவிட்டார்கள். என் தொண்டைதான் தெரியுமே, எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியது. நூலகத்து ஆள் வந்து வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

சூசை: (இன்னொரு காரலை இழுத்துக்கொண்டே) இதற்கு மேலே போகிறது பார்! சரி, மொத்தச் செலவு?

அருள்: ஒன்றும் இல்லை. முழுக்க இலவசம். உங்களிடம் ஒரு இரண்டாயிரம் இருக்குமா?

சூசை: எதற்கு?

அருள்: ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பம் இங்கே வருகிறது. பார்க்கிற இடங்களுக்குச் செலவில்லை. ரோட்டுப் பாலத்தில் நின்றால் 2025-இல் திறந்த தூக்குப் பாலம் தெரியும். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். அரிச்சல்முனையில் காற்று. பிறகு உங்கள் படகில் குருசடைத் தீவு.

சூசை: என் படகிலா? அது தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வனத்துறை என்னைப் பிடிக்கும்.

அருள்: கால் வைக்க வேண்டாம், தள்ளி நின்று காட்டினால் போதும். எட்டுப் பேர்தான்.

சூசை: டீசல் யார் போடுவது?

அருள்: எல்லாமே சும்மா என்று அத்தானிடம் சொல்லிவிட்டேனே மச்சான்.

சூசை: வேறு என்னவெல்லாம் சும்மா என்று சொன்னாய்?

அருள்: மத்தியானம் உங்கள் வீட்டில் காரல் குழம்பு.

சூசை: (கூடையைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு) எட்டுப் பேர் என்றால் சென்னை வீட்டில் யாரும் இருக்க மாட்டார்களே?

அருள்: இல்லை, பூட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

சூசை: சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வருவார்கள் என்று கேட்டுச் சொல். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருப்பேன்.