ராபர்ட்சன் நேராக லிவர்பூலுக்கு வரவில்லை
ஸ்காட்லாந்து கால்பந்து வீரர் ஆண்டி ராபர்ட்சன், அந்நாட்டின் செல்டிக் கிளப்பின் இளையோர் அகாடமியிலிருந்து நேராக இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு வந்தவர் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு நண்பரே. உடல் சிறியது என்று செல்டிக் அவரைப் பதின்ம வயதிலேயே விடுவித்துவிட்டது. 2012-13இல் ஸ்காட்லாந்தின் நான்காம் நிலை லீக்கில், குயின்ஸ் பார்க்குக்கு ஆடினார். அன்று அது அமெச்சூர் கிளப், சம்பளமே கிடையாது. பிழைப்புக்கு ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் டிக்கெட் கேட்டு வரும் போன்களை எடுத்துக்கொண்டிருந்தார்! 2013இல் ஸ்காட்லாந்தின் டண்டி யுனைடெட் கிளப், அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஹல் சிட்டி கிளப். ஹல்லோடு இரண்டு முறை தரமிறக்கமும் (கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படுவது) பார்த்தார். 2017இல்தான் லிவர்பூல். அங்கும் அந்த இடத்தில் ஆடிவந்த மொரேனோ காயம்பட்ட பிறகே இடது பின்கள இடம் நிலையாகக் கிடைத்தது. இத்தனை உழைப்பையும் ஒரே வரியில் அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.