வெப்பநிலை சொல்லாத பாகுநிலை: இங்க்ஜெட் காப்புரிமை ஆய்வில் கேட்க வேண்டிய கேள்விகள்

இங்க்ஜெட் காப்புரிமை விண்ணப்பங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வகை உரிமைக்கோரிக்கை (எதற்கு உரிமை வேண்டும் என்று எல்லை கட்டும் வாசகம்) நன்றாகவே பழக்கமாக இருக்கும்: "பாகுநிலை 8 முதல் 12 சென்டிபாய்ஸ், பரப்பு இழுவிசை 25 முதல் 35 டைன் உள்ள இங்க்கையும், 20 முதல் 30 மைக்ரான் விட்டமுள்ள நாசிலையும் கொண்ட அச்சு இயந்திரம்." எந்த வெப்பநிலையில் 8? எந்தக் கருவியில் அளந்தது? நாசில் என்ற, துளி வெளிவரும் துளையின் எந்த முனையில் 20 மைக்ரான்? கோரிக்கையில் ஒரு சொல்லும் இருக்காது. இப்படிப்பட்டவை காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வைத் தாண்டி வந்துவிடுகின்றன. இதில் எனக்கு இரண்டு உறுதியான கருத்துகள் உண்டு. அளவிடும் முறையும் நிபந்தனையும் சொல்லாத எண்ணை உரிமைக்கோரிக்கையில் விடவே கூடாது. பழைய ஆவணத்தில் அந்த எண் அச்சாகவில்லை என்றால், ஆய்வாளர் அதிலுள்ள விவரங்களை வைத்துத் தாமே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லோரும் ஏன் எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்? அடிப்படை இயக்கங்கள் அனைத்தும் பழையவை என்பதால்தான். திரவத் தாரை துளித்துளியாக உடையும் விதத்தை ரேலி பிரபு 1870களின் இறுதியிலேயே கணக்கிட்டுவிட்டார். ரூனே எல்ம்குவிஸ்ட்டின் அமெரிக்கக் காப்புரிமை 2,566,443 வெளிவந்தது 1951-ல். தொடர்தாரையில் துளிக்கு மின்னேற்றம் கொடுத்துத் திசைதிருப்பும் ரிச்சர்ட் ஸ்வீட்டின் முறை 1960களைச் சேர்ந்தது. கேட்டபோது மட்டும் துளி விடும் பைசோ ஹெட்களில் (மின்னழுத்தத்தில் நெகிழும் பொருளால் இங்க்கைத் தள்ளும் அச்சுத்தலைகளில்) ஸோல்டனின் குழாய் வகைக்கு 1972-லும், ஸ்டெம்மேயின் தகடு வகைக்கு 1973-லும், கைசர், சியர்ஸ் இருவரின் வடிவமைப்புக்கு 1976-லும் காப்புரிமை கிடைத்தது. குமிழியால் துளியைத் தள்ளும் தெர்மல் முறைக்கு கேனான் ஜப்பானில் விண்ணப்பித்தது 1977-ல், ஹெச்.பி.யின் திங்க்ஜெட் விற்பனைக்கு வந்தது 1984-ல். எல்லாம் காலாவதியாகி யாரும் பயன்படுத்தக்கூடியவை ஆகிவிட்டன. புதிதாக வருபவர்களுக்கு மிச்சமிருப்பது இங்க்கின் சேர்மானம், ஹெட்டை இயக்கும் மின் பல்ஸின் வடிவம், நாசிலின் நுணுக்கம், அடைப்பைக் கண்டுபிடிக்கும் வழி. இவற்றை எண்ணால்தான் எல்லை கட்ட முடியும். அதில் தவறில்லை. அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்று மூன்றாம் மனிதருக்குத் தெரியாமல் போவதுதான் தவறு.

முதலில் கணக்கு. "இசட் மதிப்பு 2 முதல் 6 வரை உள்ள இங்க்" என்று ஒரு கோரிக்கை வருகிறது என்று வையுங்கள். இசட் என்பது, துளி உருவாவதில் பாகுத்தன்மையின் பங்கைக் காட்டும் ஓனசோர்க் எண்ணின் தலைகீழ்: பரப்பு இழுவிசை, அடர்த்தி, நாசில் விட்டம் மூன்றையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, பாகுநிலையால் வகுக்க வேண்டும். இது 1-க்குக் கீழே போனால் பாகுத்தன்மை துளியை வெளியே விடாது. 10-க்கு மேலே போனால் பின்னால் குட்டித் துளிகள் சிதறும் என்பது துறையில் பொதுவாகச் சொல்லப்படுவது. ஆய்வாளர் தேடுகிறார். பழைய ஆவணம் எதிலும் இசட் என்ற பேச்சே இல்லை. "புதுமை உண்டு" என்று எழுதத் தோன்றும். ஆனால் அதே பழைய ஆவணத்தின் உதாரணம் ஒன்றில் பாகுநிலை 10 சென்டிபாய்ஸ், பரப்பு இழுவிசை 30 டைன், நாசில் 25 மைக்ரான் என்று இருக்கிறது. பாகுநிலை 0.1 பாய்ஸ், விட்டம் 0.0025 சென்டிமீட்டர், அடர்த்தி 1 என்று போடுங்கள். 30 × 1 × 0.0025 = 0.075. வர்க்கமூலம் 0.274. அதை 0.1-ஆல் வகுத்தால் 2.74. கோரிக்கையின் எல்லைக்குள்ளேயே விழுகிறது. அடர்த்தியைப் பழைய ஆவணம் சொல்லவில்லையே என்று விண்ணப்பதாரர் வாதிடலாம். அடர்த்தி 1.1 என்றாலும் விடை 2.87-தான், வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் பத்து சதவீத மாறுதல் விடையை ஐந்து சதவீதம்தான் அசைக்கும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டால், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இங்க்குக்கு இருபது வருட உரிமை போய்விடுகிறது.

துளியின் அளவும் அப்படியே. பழைய ஆவணம் 7 பிகோலிட்டர் என்று சொன்னால் 24 மைக்ரான் விட்டமுள்ள துளியைச் சொல்லிவிட்டது என்று பொருள். புதிய கோரிக்கை "22 முதல் 26 மைக்ரான் துளி" என்று வேறு அலகில் வந்தால் அது புதுமை ஆகாது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி அடித்துச் சொல்லிவிட முடியாது. பைசோ ஹெட்டின் அலைவடிவத்தில் மிகவும் கவனம் வேண்டும். "பல்ஸ் அகலம், ஒலி அலை சேனலைக் கடக்கும் நேரத்தைப் போல் 0.8 முதல் 1.2 மடங்கு" என்பது அடிக்கடி வரும் கோரிக்கை. பழைய ஆவணத்தில் சேனலின் (நாசிலுக்கு இங்க் செல்லும் வழியின்) நீளம் 6 மில்லிமீட்டர், பல்ஸ் 6 மைக்ரோநொடி என்று மட்டும் இருக்கிறது. தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் என்று எடுத்தால் கடக்கும் நேரம் 4 மைக்ரோநொடி, விகிதம் 1.5, எல்லைக்கு வெளியே. ஆனால் பைசோ சுவர்கள் நெகிழ்வதால் சேனலுக்குள் அலை மெதுவாகத்தான் ஓடும். 1,000 மீட்டர் என்று எடுத்தால் விகிதம் சரியாக 1. சுவரின் நெகிழ்வைப் பழைய ஆவணம் சொல்லாதவரை, இரண்டில் எது என்று ஆய்வாளரால் உறுதியாகச் சொல்ல முடியாது. "தவிர்க்கமுடியாமல் அப்படித்தான் இருந்திருக்கும்" என்ற அடிப்படையில் புதுமையை மறுத்தால் அந்த மறுப்பு நிற்காது. இங்கே போக வேண்டிய வழி வேறு. துளி வேகம் உச்சத்தைத் தொடும்வரை பல்ஸ் அகலத்தை மாற்றிப் பார்ப்பது ஹெட்டை இயக்கும் எவரும் செய்யும் வழக்கமான வேலை. அந்த உச்சம் கடக்கும் நேரத்துக்கு அருகில்தான் வரும். ஆகவே கண்டுபிடிப்புத் திறன் (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத தன்மை) இல்லை என்பதே வாதம். விண்ணப்பதாரர் அந்த எல்லைக்குள் வேறொரு விளைவைக் காட்டினால், உதாரணமாக அடுத்த துளிக்கு முன் எஞ்சிய அதிர்வு அடங்கிவிடுகிறது என்று அளந்து காட்டினால், வாதம் மாறும். மாறவும் வேண்டும்.

இனி வெப்பநிலை. புற ஊதா ஒளியில் உறையும் யு.வி. இங்க் 25 டிகிரி செல்சியஸில் 20 சென்டிபாய்ஸுக்கு மேல் இருப்பது சாதாரணம். ஹெட்டை 40, 45 டிகிரிக்குச் சூடாக்கி 10 பக்கம் கொண்டுவந்துதான் அடிக்கிறார்கள். ஆகவே "பாகுநிலை 10" என்று மட்டும் எழுதினால் அதே பாட்டில் இங்க் கோரிக்கைக்கு உள்ளேயும் இருக்கும், வெளியேயும் இருக்கும். உரிமையாளர் வழக்குப் போடும்போது அடிக்கும் வெப்பநிலை என்பார். செல்லாது என்று யாராவது வந்தால் அறை வெப்பநிலை என்பார். நிறமி அதிகமுள்ள இங்க்கில் வெட்டு வேகத்தையும் கேட்க வேண்டும். மெதுவாகச் சுழற்றி அளந்த எண்ணும் வேகமாகச் சுழற்றி அளந்த எண்ணும் ஒன்றாக இருக்காது.

பரப்பு இழுவிசையில் இன்னொரு சிக்கல். தட்டு முறையில் அளப்பது நிலையான மதிப்பு. குமிழி அழுத்த முறையில் 10 மில்லிநொடியில் அளப்பது இயங்கு மதிப்பு. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபாக்டன்ட் மேற்பரப்புக்கு வந்து சேர நேரம் பிடிப்பதால் இயங்கு மதிப்பு எப்போதும் கூடுதலாகத்தான் வரும். புதிய கோரிக்கை இயங்கு மதிப்பைப் பிடித்துக்கொள்ளும். பழைய ஆவணத்தில் நிலையான மதிப்பு மட்டும் இருக்கும். அப்போது சேர்மானப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே சர்ஃபாக்டன்ட், அதே சதவீதம், அதே கிளிசரின், அதே நிறமி என்றால் இயங்கு மதிப்பும் ஒன்றாகத்தான் இருக்கும். இல்லை என்று அளந்து காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அமெரிக்காவில் 1977-ன் பெஸ்ட் வழக்கிலிருந்து ஆய்வாளர்களுக்கு இந்தக் கருவி கையில் இருக்கிறது.

நிறமித் துகள் அளவில் ஒளிச்சிதறல் சராசரியும் எண்ணிக்கைச் சராசரியும் ஒரே மாதிரிக்கு வெகுவாக வேறுபடும். நாசில் தட்டின் நீர்விலக்கும் பூச்சுக்குத் தொடுகோணம் சொல்வார்கள். தண்ணீருடனா, அந்த இங்க்குடனா என்று சொல்ல மாட்டார்கள். நாசில் கூம்பாக இருந்தால் உள்வாய் விட்டம் வேறு, வெளிவாய் விட்டம் வேறு. மூன்றுக்கும் கேள்வி ஒன்றுதான்: எதை, எப்படி, எங்கே அளந்தீர்கள்?

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வு வழிகாட்டி இதைச் சொல்லாமல் இல்லை. அளவிடும் முறை கோரிக்கையிலேயே இருக்க வேண்டும் என்கிறது. முறை மிக நீளமாக இருந்தாலோ, எந்த முறை என்று துறை அறிந்தவருக்குத் தெரிந்திருந்தாலோ, எல்லா முறைகளும் ஒரே விடையைத் தந்தாலோ விலக்கு உண்டு. கடைசி இரண்டு விலக்குகளை இங்க்ஜெட்டில் தாராளமாகக் கொடுக்கக் கூடாது. மேலே சொன்ன பாகுநிலை, பரப்பு இழுவிசை, துகள் அளவு மூன்றிலும் முறை மாறினால் விடை மாறுகிறது.

இயந்திரக் கோரிக்கைக்குள் இங்க்கை நுழைப்பது தனிப் பிரச்சினை. "இன்ன ஹெட், இன்ன பம்ப், இன்ன சேர்மானமுள்ள இங்க்கை அடிப்பதற்கானது" என்று எழுதினால், அமெரிக்க நடைமுறையில் இயந்திரம் வேலை செய்யும் பொருள் இயந்திரத்துக்கு வரம்பு ஆகாது. ஐரோப்பாவில் "அதற்கு ஏற்ற" இயந்திரம் என்றுதான் படிப்பார்கள். பழைய ஹெட் அந்த இங்க்கை அடிக்கக்கூடியது என்றாலே புதுமை போய்விடும். ஆனால் "டேங்க்கில் நிரப்பப்பட்ட இங்க்" என்று எழுதினால் இங்க்கும் பொருளின் ஓர் அங்கம் ஆகிவிடுகிறது. இந்த ஒரு சொற்றொடரின் கனம் எவ்வளவு என்பதற்கு ஜப்பான் உச்ச நீதிமன்றத்தின் 2007 நவம்பர் 8 தீர்ப்பு சாட்சி. கேனானின் காட்ரிட்ஜ் காப்புரிமையில், இரண்டு உறிஞ்சும் பொருள்கள் அழுந்தித் தொடும் இடைமுகத்தில் நுண்துளை ஈர்ப்பு அதிகமாக இருக்க வேண்டும், அந்த இடைமுகம் முழுவதும் நனையும் அளவுக்கு இங்க் நிரம்பியிருக்க வேண்டும் என்று இரண்டு கூறுகள் இருந்தன. ரீசைக்கிள் அசிஸ்ட் நிறுவனம் இறக்குமதி செய்து விற்ற காட்ரிட்ஜ்கள், காலியானவற்றைக் கழுவி மறுபடி நிரப்பியவை; அப்படி நிரப்பியது அந்தக் கூறுகளை மீண்டும் நிறைவேற்றிவிட்டது. அது பழுதுபார்ப்பு அல்ல, புதிதாக உருவாக்குவதுதான் என்று தீர்ப்பானது. நிரப்பும் அளவைச் சொல்லும் கூறு இல்லாமல் வெறும் பெட்டியின் அமைப்பு மட்டும் இருந்திருந்தால் வாதத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும். ஆய்வு நேரத்தில் அப்படியொரு கூறு கண்ணில் பட்டால், அது உண்மையில் வேலை செய்கிறதா, எதற்காக இருக்கிறது என்று நின்று கேட்க வேண்டும்.

தேடலில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: வன்பொருள் தெரிந்தவர் காப்புரிமை வகைப்பாட்டின் பி41ஜே 2 தொகுதிக்குள்ளேயே சுற்றுகிறார், வேதியியல் தெரிந்தவர் இங்க் சேர்மானத்துக்கான சி09டி 11/30-ஐ விட்டு வெளியே வருவதில்லை. பைசோ இயக்கத்துக்கு 2/045, ஹெட் அமைப்புக்கு 2/14, அதைச் செய்யும் முறைக்கு 2/16, அடைப்புத் தடுப்புக்கும் கண்டறிதலுக்கும் 2/165, இங்க் வழங்கலுக்கு 2/175. துணி அச்சு டி06பி 5/30-ல் கிடக்கும், மின்சுற்று அச்சு எச்05கே 3/12-ல். ஜப்பானிய ஆவணங்களை, அந்நாட்டு அலுவலகத்தின் தேடல் குறியீடான எஃப்-டெர்ம் 2சி056, 2சி057, 4ஜே039 இல்லாமல் தேடுவது பாதித் தேடல்தான்; ஹெட் தயாரிப்பவர்களில் பெரும்பங்கு ஜப்பானில் இருக்கும்போது இதை விடவே முடியாது. சொல்லை மட்டும் நம்பித் தேடினால் "திரவம் உமிழும் சாதனம்", "துளி வெளியேற்றும் கருவி" என்று தலைப்பிட்ட ஆவணங்கள் தப்பிவிடும். அவற்றில் பிரிண்டர் என்ற சொல்லே இருக்காது.

விண்ணப்பத்திலுள்ள ஒப்பீட்டு உதாரணங்களையும் வரிவரியாகப் பார்க்க வேண்டும். சர்ஃபாக்டன்டின் அளவால்தான் நாசில் அடைப்பு குறைந்தது என்று விவரணை சொல்லும். அட்டவணையில் ஒப்பீட்டு இங்க்கில் சர்ஃபாக்டன்டோடு கிளிசரினும் குறைந்திருக்கும். ஈரத்தைப் பிடித்துவைப்பது கிளிசரின். எதனால் விளைவு வந்தது என்று அந்த அட்டவணை நிரூபிக்கவில்லை. கோரிக்கை 0.1 முதல் 5 சதவீதம் வரை கேட்கும், உதாரணங்கள் 0.8-ல் தொடங்கி 1.2-ல் முடிந்துவிடும். அந்த அகலம் முழுவதற்கும் விளைவு இருக்கிறது என்று எதை வைத்து நம்புவது? அதே சமயம், ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி, மூடி திறந்த நிலையில் எத்தனை நொடிவரை முதல் துளி நேராக விழுகிறது என்று அளந்து, எல்லையின் இரு முனைகளுக்கும் வெளியே தோல்வியைக் காட்டும் விண்ணப்பங்களும் வருகின்றன. அவற்றுக்குத் தயங்காமல் உரிமை கொடுக்க வேண்டும். உழைத்து எல்லையைக் கண்டுபிடித்தவருக்கும் மேசையில் உட்கார்ந்து எல்லை வரைந்தவருக்கும் வேறுபாடு காட்டாத ஆய்வு, முன்னவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆய்வாளரிடம் ஆய்வகம் இல்லை. போட்டி நிறுவனங்களிடமும் அச்சகங்களிடமும் இருக்கிறது. சந்தையில் விற்ற இங்க்கின் சேர்மானத்தைப் பிரித்து ஆராய்ந்து அப்படியே திரும்பச் செய்ய முடியாது என்பதற்காக மட்டும் அதை முன்னறிவிலிருந்து (ஏற்கெனவே பொதுவில் தெரிந்தவற்றிலிருந்து) ஒதுக்கக் கூடாது என்று ஐரோப்பிய அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் ஜி 1/23 வழக்கில் 2025 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. இங்க் துறைக்கு இது பெரிய வாசல். விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (முதல் விண்ணப்பம் கொடுத்த நாளுக்கு) முன் வாங்கிய இங்க்கின் பாட்டில், லாட் எண், விலைப்பட்டியல், தேதியுள்ள தொழில்நுட்பத் தாள் ஆகியவற்றைச் சேர்த்து, விண்ணப்பத்தில் சொன்ன அதே முறையில் அளந்து அறிக்கை எழுதுங்கள். பழைய பாட்டிலின் இங்க் இத்தனை வருடத்தில் மாறியிருக்காதா என்ற கேள்வி வரும். விற்ற காலத்துத் தரச்சான்றிதழின் எண்களையும் கூடவே வைத்தால் பதில் கிடைத்துவிடும். ஐரோப்பாவில் விண்ணப்பம் வெளியான பிறகு யார் வேண்டுமானாலும், பெயர் சொல்லாமலும், கட்டணம் இல்லாமலும் மூன்றாம் தரப்புக் கருத்தாக இதைக் கொடுக்கலாம். பி.சி.டி. என்ற சர்வதேச விண்ணப்பத்துக்கு முன்னுரிமைத் தேதியிலிருந்து 28 மாதம்வரை நேரம் உண்டு. அமெரிக்காவில் அச்சிட்டு வெளியான ஆவணங்களை மட்டுமே ஏற்பார்கள், காலக்கெடுவும் குறுகியது. அங்கே பாட்டிலுக்குப் பதில் தொழில்நுட்பத் தாளை, அது பொதுவில் கிடைத்த தேதிக்கான சான்றோடு அனுப்ப வேண்டும்.