கிரில் மூடியை மூடித் தொலையுங்கள், திறந்து வைப்பதால்தான் பலகை எரிகிறது!

பலகையில் மீன் சுடுவது எப்படி என்று ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். சிடார் என்ற வாசனை மரப் பலகை வாங்குங்கள், அரை மணி நேரம் ஊற வையுங்கள், கிரில்லை முழுச் சூட்டில் வையுங்கள், பலகை மேல் சால்மனை வையுங்கள், பத்து நிமிடத்தில் தயார். அவ்வளவுதான் குறிப்பு. கூடவே ஒரு படம்: திறந்த கிரில், ஓரத்தில் தீ நாக்கு நீட்டும் பலகை, நடுவில் எலுமிச்சை வட்டங்களோடு பளபளக்கும் மீன். அதை நம்பிச் செய்கிறவருக்கு மிஞ்சுவது அடி கரிந்த பலகையும் மேலே பச்சையாக நிற்கும் மீனும்தான். அப்புறம் ‘இந்தப் பலகை சமாச்சாரமெல்லாம் சும்மா பந்தா’ என்று ஒரு தீர்ப்பு வேறு. வயிறு எரிகிறது. நல்ல மீனையும் நல்ல மரத்தையும் பாழாக்கிவிட்டு, பழியையும் அவற்றின் தலையிலேயே போடுவதா?

மூடி என்ற ஒரு வார்த்தை அந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் இருப்பதே இல்லை.

மரம் சூட்டை லேசில் கடத்தாது. அதனால்தானே வாணலிக்கு மரப்பிடி போடுகிறோம்? ஊறிய பலகையின் அடிப்புறம் கருகிப் புகைந்துகொண்டிருக்கும்போதும், ஈரம் இருக்கிறவரை மேற்புறம் தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டுவதில்லை. அதாவது, பலகை வழியாக மீனுக்கு வந்து சேரும் சூடு கொஞ்சம்தான். மீனை வேக வைப்பது மூடிக்குள் சுற்றிச் சுழலும் சூடான காற்று. மூடி திறந்திருந்தால் அந்தக் காற்று மேலே போய்விடும். அரை மணி நேரம் காவல் நின்றாலும் மீனின் மேல்பாகம் சரியாக வேகாது, அதற்குள் பலகை தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மூடிய கிரில்லுக்குள் காற்றோட்டம் குறைவு. அதனால் மரம் எரியாமல் கனன்று புகைகிறது. நமக்கு வேண்டியது அந்தப் புகைதான். மூடியைத் தூக்கினால் பிராணவாயு மொத்தமாக உள்ளே போகும், கனன்றுகொண்டிருந்த ஓரம் குப்பென்று பிடித்துக்கொள்ளும். தீ பிடித்துவிட்டால் வாசம் தரும் புகை அந்தத் தீயிலேயே எரிந்து போகிறது, மிஞ்சுவது கரி நெடி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பவர்களே, தீயைப் பற்ற வைப்பது உங்கள் கைதான்.

‘பின்லாந்தில் மூடி இல்லாமல்தானே செய்கிறார்கள்?’ என்று மடக்குவார்கள். அங்கே லோய்முலோஹி என்று சால்மனைப் பலகையில் மர ஆப்பு அடித்துப் பொருத்துகிறார்கள், உண்மை. ஆனால் அந்தப் பலகை தீயின் மேல் படுத்திருப்பதில்லை, தீயின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறது. தணலின் அனல் மீனின் சதைப் பக்கத்தில் நேராக அடிக்கிறது. பலகைக்கு அங்கே மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஷாட் மீனை ஓக் பலகையில் ஆணியடித்துத் தீயோரம் நிறுத்தும் வழக்கமும் இதே கணக்குதான். அதைப் பார்த்துவிட்டு பலகையைத் தீயின் மேல் மல்லாக்கப் போட்டு, மூடியையும் கழற்றி வைத்தால் எப்படி வேகும்?

அடுத்து ஊற வைக்கும் கூத்து. அரை மணி நேரம் போதாது, ஒரு மணி நேரமாவது வேண்டும், இரண்டு மணி என்றால் நல்லது. பலகை மிதக்கும், மேலே கனமாக எதையாவது வைக்காவிட்டால் ஒரு பக்கம் காய்ந்தே கிடக்கும். இதைக்கூட எழுதுவதில்லை! இன்னொரு கோஷ்டி ராத்திரி முழுக்க ஊறப் போடச் சொல்கிறது. எதற்கு? மரத்தில் நீர் இருக்கிறவரை அது நூறு டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் புகை வராது. அளவுக்கு மீறி ஊறிய பலகையில் மீன் ஆவியில் வெந்து முடிந்த பிறகுதான் மரம் புகையவே தொடங்கும். ஒயினில் ஊற வை, ஆப்பிள் சாற்றில் ஊற வை என்பது அதைவிடக் கொடுமை. இரண்டு மணி நேரத்தில் நீர் மேல்தோலை ஒட்டித்தான் இறங்கும், அந்த வாசமும் சூட்டில் முதலில் பறந்துவிடும். அந்த ஒயினைக் குடித்துவிட்டுப் போகலாம்.

சரியாகச் செய்தால் இது கஷ்டமே இல்லை என்பதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. கிரில்லின் ஒரு பாதியில் மட்டும் தீ, மறுபாதி சும்மா இருக்கட்டும். மூடியில் உள்ள மானி 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மீன் இல்லாமல் வெறும் பலகையைத் தீயுள்ள பக்கம் வைத்து, மூன்று நான்கு நிமிடம் மூடுங்கள். சடசடவென்று சத்தம் கேட்டு, புகை இழை இழையாக எழும்பும். இப்போது பலகையைத் திருப்பிப் போட்டு, சூடான முகத்தின் மேல் மீனை வையுங்கள். திருப்பிப் போடுவதில் காரணம் இருக்கிறது: மெல்லிய பலகை ஒரு பக்கச் சூட்டில் கிண்ணம்போல் வளையும், திருப்பினால் நிமிரும். திருப்பாமல் விட்டுவிட்டு, மீன் சரிந்து தீயில் விழுந்துவிட்டதே என்று புலம்புபவர்கள் எத்தனை பேர்!

மீனைத் தோலோடு, தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். ஒரு கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் உப்பு தடவி அரை மணி நேரம் விட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்திருக்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும், பன்னிரண்டாவது நிமிடம் வரை மூடியைத் தொடவே வேண்டாம். வால் பக்கம் மெலிந்திருக்கும், அதைத் தனியாக வெட்டி வைத்து முன்னதாகவே எடுத்துவிடுங்கள். ஓரத்தில் தீ பிடித்தால் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலால் அந்த ஓரத்தில் மட்டும் அடித்து, பலகையைத் தீ இல்லாத பாதிக்கு நகர்த்தி, உடனே மூடுங்கள். மீன் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சுகிறவர்களை என்னவென்று சொல்ல?

வெந்ததா என்று பார்க்கக் கத்தியால் குத்திக் கிளற வேண்டாம். தெர்மாமீட்டரைத் தடிமனான இடத்தில் செருகுங்கள். சால்மன் 52 முதல் 55 டிகிரியில் சாறோடு இருக்கும். அமெரிக்க அரசின் பாதுகாப்பு அறிவுரை 63. கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள் சாப்பிடுவதாக இருந்தால் 63-ஐத் தவிர வேறு எண்ணை நினைக்கவே வேண்டாம். மீன் மேல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் பொங்கி வந்தால் அது கொழுப்பு இல்லை, புரதம். கொஞ்சம் வருவது சகஜம், நுரைத்து வழிந்தால் சூடு அதிகம், மீன் வறண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தேன், சர்க்கரைப்பாகு பூசுவதெல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில். முதலிலேயே பூசினால் இனிப்பு கருகிக் கசக்கும், வழிந்து பலகையோரம் எரியும். தோல் பலகையில் ஒட்டிக்கொண்டதே என்று ஒரு குறை எப்போதும் வரும். ஒட்டட்டும், அது நல்லது! தட்டைக் கரண்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விட்டால் சதை வழுக்கிக்கொண்டு வரும். மொறுமொறு தோல் வேண்டுமென்றால் இரும்புச் சட்டிக்குப் போங்கள், பலகையிடம் அதைக் கேட்காதீர்கள்.

இதுவரை சொன்னதிலெல்லாம் மீன்தான் கெடும். இனிச் சொல்வதில் உடம்பு கெடும். ‘ஏதாவது ஒரு மரத்துண்டு போதும்’ என்று எழுதுகிறவர்களை மன்னிக்கவே முடியாது. கரையான் அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தை அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். அதற்கு முன் போட்ட வேலிகளும் மரத்தளங்களும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அதை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் இருக்கும். பிளைவுட்டில் பசை, பழைய மேஜைப் பலகையில் வார்னிஷ், சரக்குப் பெட்டி மரத்தில் என்ன கொட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சமையலுக்கென்றே விற்கிற, எதுவும் பூசாத சிடார், ஆல்டர், மேப்பிள், ஓக் போதும். பைன் பிசின் மரம், அதன் புகை கசப்பும் கரியுமாக இருக்கும், வேண்டாம்.

கடைசியாக, இதை யாருமே எழுதுவதில்லை. மீனை எடுத்த பிறகும் பலகை உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும், பார்த்தால் அணைந்ததுபோல்தான் தெரியும். சாப்பாட்டு மேஜை மேல் அப்படியே கொண்டுவந்து வைக்காதீர்கள், கீழே உலோகத் தட்டு வேண்டும். குப்பைக்கூடையில் வீசுவதற்கு முன் வாளித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி, குமிழி அடங்குகிறவரை விடுங்கள். அடி மட்டும் கருத்து, மேல்புறம் திடமாக இருந்தால் சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து இன்னொரு முறை உபயோகிக்கலாம். விரலால் அழுத்தினால் உதிர்கிறதா, தூக்கிப் போடுங்கள்.